மழைக்கு செக்போஸ்ட் கிடையாது

களியக்காவிளையில் எல்லாமே இரண்டு. இரண்டு அரசு பஸ், இரண்டு மின்சார வாரியம், இரண்டு முதலமைச்சர் போஸ்டர், இரண்டு சூப்பர் ஸ்டார் ரசிகர் மன்றம். நாலு எட்டு எடுத்து வைத்தால் ‘வணக்கம்’ ‘நமஸ்காரம்’ ஆகிவிடும். அந்தப் பக்கம் வரிசையாக லாட்டரிக் கடை. இந்தப் பக்கம் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள். ஆகவே அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான்: வானிலை அறிக்கை.

ஜூன் மாசத்தில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். வெளியே ஓட்டைப் பிய்த்துக்கொண்டு மழை கொட்டும். உள்ளே டி.வி.யில் சென்னைச் செய்தி வாசிப்பவர், “தமிழகத்தில் வெயில் கொளுத்துகிறது, மதிய நேரத்தில் வெளியே போகாதீர்கள், இளநீர், மோர் குடியுங்கள்” என்று அக்கறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்போடு நாகர்கோவில் பஸ்ஸுக்கு ஓடுவேன். இளநீர் குடிக்க மூன்றாவது கை இல்லை.

சரி, மலையாளச் சேனலைத் திருப்பலாம் என்றால் அங்கே மழை நன்றாகத்தான் இருக்கும். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை என்று ஒவ்வொரு மாவட்டமாகச் சொல்வார்கள். பாறசாலையோடு மழை நின்றுவிடும். அதற்கு இந்தப் பக்கம் வரைபடத்தில் சாம்பல் கலர். சாம்பல் கலர் பிரதேசத்தில் மழை பெய்யாது, மனுஷனும் கிடையாது.

எங்கள் சாயாக்கடை அண்ணனுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் இல்லை. அவரிடம் கொல்லம் ஆண்டுக் காலண்டர் இருக்கிறது. “எடவப்பாதி மழை எடவம் பாதியில வரணும். வரல்லெங்கி அதுக்குப் பேரை மாத்தணும்” என்பார். மலையாள எடவ மாசம் மே நடுவில் பிறக்கிறது. பாதி கழிந்தால் மே கடைசி, ஜூன் முதல் தேதி. இந்திய வானிலைத் துறை, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய நாள் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பதும் ஜூன் 1-தான். துலாம் மழையும் அப்படியே. துலாம் மாசம் அக்டோபர் நடுவில் பிறக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் அந்த மாசத்தில்தான் வந்து சேர்கிறது. மத்தியானம் வரை வெயில், அப்புறம் இடி, அப்புறம் ஆபீஸ் விடும் நேரம் பார்த்து மழை. தாத்தாக்கள் சாட்டிலைட் இல்லாமல் இதைக் கண்டுபிடித்து மாசத்தின் பெயரையே மழைக்கு வைத்துவிட்டார்கள்.

* * *

பருவமழை தொடங்கிவிட்டது என்று யார், எப்படி அறிவிக்கிறார்கள் தெரியுமா? ஆபீஸில் பந்தயம் கட்டினால் ஜெயிக்க உதவும், குறித்துக்கொள்ளுங்கள்.

மினிக்காய், அமினி தீவுகளில் ஆரம்பித்து திருவனந்தபுரம், புனலூர், கொல்லம் என்று மேலே போய் மங்களூர் வரை 14 வானிலை நிலையங்கள். மே 10-ம் தேதிக்கு மேல் இவற்றில் 60 சதவீதம் நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள், குறைந்தது 2.5 மில்லிமீட்டர் மழை பதிவாக வேண்டும். அதாவது 14-ல் ஒன்பது. மேலே காற்று எவ்வளவு உயரம், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதும், மேகம் எவ்வளவு என்பதும் சரியாக இருக்க வேண்டும். இருந்தால் இரண்டாம் நாள் அறிவிப்பு. கிட்டத்தட்ட மெஜாரிட்டி நிரூபிப்பது மாதிரி. எட்டு எம்.எல்.ஏ. கையில் இருந்தால் கவர்னர் கூப்பிட மாட்டார்.

இந்தப் பதினாலில் எங்கள் மாவட்டத்து நிலையம் ஒன்றுகூட இல்லை. நாங்கள் நனைந்துகொண்டு நின்றாலும் எங்களுக்கு ஓட்டுரிமை இல்லை.

இதற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது. கோடு போட்டது மனுஷன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்களும் திருவிதாங்கூரோடு இருந்தவை. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி போன்றவர்கள் தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 1956 நவம்பர் 1-ம் தேதி நாலு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகி இந்தப் பக்கம் வந்தன. ரத்தம் கொடுத்து வாங்கிய கோடு, லேசானதில்லை.

ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகத்துக்கு கெஜட் நோட்டிபிகேஷன் போய்ச் சேரவில்லை. அது பழைய திருவிதாங்கூர் ரூட்டிலேயே வந்துகொண்டிருக்கிறது.

* * *

திருவிதாங்கூர் என்றதும் ஒரு ராஜா ஞாபகத்துக்கு வருகிறார். சுவாதித் திருநாள். கர்நாடக சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். பாட்டுக் கட்டிய கையோடு அந்த மனிதர் இன்னொரு காரியமும் செய்தார். ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வியாபார ஏஜென்ட்டாக இருந்த ஜான் கால்டிகாட் என்ற வெள்ளைக்காரருக்கு நட்சத்திரம் பார்க்கும் பைத்தியம். ராஜாவுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. இரண்டு பைத்தியங்களும் சந்தித்தால் என்ன ஆகும்? 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு மேட்டின் மேல் வானாய்வுக்கூடம் எழும்பியது. கால்டிகாட் அதன் முதல் டைரக்டர். இந்தியா முழுமைக்குமான வானிலைத் துறை 1875-ல்தான் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கு 38 வருஷம் முன்னாலேயே நம்ம ராஜா ஆரம்பித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 24. அந்த வயதில் நம்மில் பலர் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டிருந்தோம்.

கால்டிகாட் காலமான பிறகு 1852-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன். இவருக்கு நட்சத்திரத்தைவிட காந்த ஊசிமேல் மோகம். திசை காட்டும் கருவியின் ஊசி சும்மா வடக்கைப் பார்த்து நிற்பதாக நாம் நினைக்கிறோம். உற்றுப் பார்த்தால் அது நாள் முழுக்க மிக நுணுக்கமாக அசைந்துகொண்டே இருக்கிறது. ஏன் அசைகிறது? உயரமான இடத்தில் அதே அசைவு எப்படி இருக்கும்? இதைக் கண்டுபிடிக்க பிரவுன் ஓர் உயரமான இடம் தேடினார். அவர் தேர்ந்தெடுத்தது அகத்தியர் மலை.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். அகத்தியர் தெற்கே வந்த கதை உங்களுக்குத் தெரியும். கைலாசத்தில் சிவன் கல்யாணம். தேவர், முனிவர், பூதகணம் எல்லாரும் சாப்பாட்டுப் பந்திக்கு வடக்கே போய்விட, வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்துவிட்டது. பூமியைச் சமன் செய்ய சிவன், குள்ள முனிவரைத் தெற்கே அனுப்பினார். அவர் வந்து உட்கார்ந்ததும் தராசு நேராயிற்று. பந்தியில் கையை நனைக்காமலே அனுப்பப்பட்ட ஒரே விருந்தாளி அவர்தான். அவர் வந்து தங்கிய பொதிகை மலைதான் இது.

எங்கள் ஊருக்கு வடக்கே, காகம் பறக்கிற கணக்கில் சுமார் 30 கிலோமீட்டரில் அந்தச் சிகரம் இருக்கிறது. உயரம் 1,868 மீட்டர். பூமியின் பாரத்தைச் சரிபார்க்க அகத்தியர் ஏறியதாகச் சொல்லப்படும் மலையில், பூமியின் காந்தத்தைச் சரிபார்க்க 1855-ல் பிரவுன் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். யானைக்காடு, அட்டைக்கடி, வருஷத்தில் பாதி நாள் மழை மூட்டம். அங்கே கருவிகளைச் சுமந்துகொண்டு போய் வைத்து, ராத்திரி பகல் பாராமல் ஊசி அசைவதைக் குறித்து எழுத ஆள் போட்டார். கீழே திருவனந்தபுரத்தில் இன்னொரு கூட்டம் அதே நேரத்தில் எழுதும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். டி.ஏ., பேட்டா என்ன கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தக் குறிப்பு நோட்டுகளிலிருந்து பிரவுன் எடுத்த முடிவு சாதாரணமானதல்ல. காந்த ஊசியின் பெரிய ஏற்ற இறக்கங்கள் உள்ளூர் விவகாரம் இல்லை. உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் கணக்கோடு அவை பொருந்துகின்றன. அகத்தியர் மலையில் ஒரு ஊசி நடுங்கினால் ஸ்காட்லாந்திலும் நடுங்கும். பத்திரிகையில் உலகச் செய்திகள் என்று தனிப் பக்கம் போடுகிறார்களே, அதெல்லாம் நம் வசதிக்காகத்தான். ஊசிக்கு எல்லாம் ஒரே பக்கம்.

* * *

உலகச் செய்தி எங்கள் ஊரிலும் தனிப் பக்கத்தில் இருப்பதில்லை. விளவங்கோடு தாலுகா ரப்பர் நாடு. வளைகுடாவில் யாராவது யார்மேலாவது குண்டு போட்டால் கச்சா எண்ணெய் ஏறும். எண்ணெயிலிருந்துதான் செயற்கை ரப்பர் செய்கிறார்கள். அதன் விலை ஏறினால் மரத்து ரப்பருக்கு மவுசு. இந்தப் பொருளாதாரத்தை எங்கள் ஊரில் பட்டதாரிகள் சொல்ல மாட்டார்கள். பால் வெட்டுகிறவர் சொல்வார். “அங்க சண்டைன்னா இங்க ஷீட்டுக்கு வெல. ஆனா எனக்க தம்பி அங்க துபாயில இல்லியா இருக்கான்? சந்தோஷப்படவா, அழவா?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது இங்கே எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ரப்பர் விலையை யாரும் கேட்கவும் இல்லை.

பால் வெட்டுகிறவரைப் பற்றி இன்னொரு வார்த்தை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர் அவர். மரத்தில் கோடு கீறி, சிரட்டையில் பால் சொட்ட வைக்க வேண்டும். மழை வந்தால் பட்டையில் ஓடும் தண்ணீர் பாலையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விடும். மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டாத தோட்டத்தில் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. நமக்கு மழை என்றால் லேட் அட்டெண்டன்ஸ். கலெக்டர் மனசு வைத்தால் பிள்ளைகளுக்கு லீவு. அவருக்கு மழை என்றால் அரிசி. வானிலை அறிக்கையை நம்மைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியவர் அவர்தான். ஆனால் அறிக்கை எழுதப்பட்டிருப்பது நம் பாஷையில்: ‘ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.’

இந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனை ஜோக் அடித்திருப்போம்! ஆனால் அதற்குள் கணக்கு இருக்கிறது. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘சில இடங்கள்’ என்றால் 50 சதவீதம் வரை. ‘பல இடங்கள்’ 75 வரை. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்.’ அதே மாதிரி, 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால்தான் ‘கனமழை’. 115.6-ஐத் தொட்டால் ‘மிகக் கனமழை’. 204.4-ஐத் தாண்டினால் ‘அதி கனமழை’. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் கனமழை என்றால் குறைந்தது 6,450 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு லாரித் தண்ணீர். இனிமேல் ‘மிதமான மழை’ என்று கேட்டால் சிரிக்காதீர்கள். 64 மில்லிமீட்டர் வரைக்கும் அதற்கு மிதம் என்றுதான் பெயர். உங்கள் சட்டைக்கு அது மிதமாக இருக்காது.

விஞ்ஞானியிடம் கணக்கு இருக்கிறது. கேட்கிறவனிடம் அந்தக் கணக்குப் புத்தகம் இல்லை. நடுவில் எங்கோ செய்தி நனைந்து எழுத்து அழிந்துவிடுகிறது.

* * *

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ப் பாட்டிகள் கெட்டிக்காரிகள். நாஞ்சில் நாட்டில் கள்ளியங்காட்டு நீலியைத் தெரியாதவர் இல்லை. வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்ட கதை. ராத்திரி தனியாகக் காட்டு வழியில் போகிறவன் முன்னால் தலைவிரித்த அழகி வந்து நிற்பாள். வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்பாள். அசடு வழிந்துகொண்டு கையை நீட்டினால் முடிந்தது கதை. பாட்டி என்ன சொல்வாள்? “சுண்ணாம்பைக் கையால குடுக்காதே மக்கா. இரும்புல தொட்டு நீட்டு. அவ கிட்ட வரமாட்டா.”

நீலி உண்டா இல்லையா என்ற ஆராய்ச்சியை விட்டுத் தள்ளுங்கள். இதை ஓர் எச்சரிக்கை அறிக்கையாகப் படித்துப் பாருங்கள். எங்கே ஆபத்து? இந்தக் காட்டு வழியில். எப்போது? ராத்திரி. யாருக்கு? தனியாகப் போகும் ஆம்பிளைக்கு. என்ன செய்ய வேண்டும்? இரும்பு வைத்துக்கொள், கையை நீட்டாதே. நாலு கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதுவும் கிளம்புவதற்கு முன்னால், திண்ணையிலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ‘நீலி ஓரிரு இடங்களில் தோன்றக்கூடும்’ என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

* * *

பிரவுன் ஊசி பார்த்த மலையிலிருந்து இப்போது கடற்கரைக்கு வருவோம். வழி அதே காந்தம்தான்.

பூகோளத்தில் படித்த பூமத்திய ரேகை வேறு. காந்தத்துக்கு என்று தனியாக ஒரு நடுக்கோடு இருக்கிறது. அது இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. அதற்கு நேர் மேலே, நூறு கிலோமீட்டருக்கும் மேல் உயரத்தில், ஒரு மின்சார ஆறு ஓடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து ராக்கெட் விட வேண்டும். விக்ரம் சாராபாய் இடம் தேடிக்கொண்டு வந்தார். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பா என்ற மீனவக் கிராமம் பொருத்தமாக இருந்தது. அங்கே மக்தலேனா மரியாள் பெயரில் ஒரு சர்ச், அதைச் சுற்றி மீனவர் குடிசைகள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் கேட்டார். ஜனங்கள் சம்மதித்தார்கள். சர்ச் ஆபீஸ் ஆயிற்று. 1963 நவம்பர் 21-ம் தேதி சாயங்காலம் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பி, வானத்தில் ஆரஞ்சு கலரில் சோடியம் புகையைப் பரப்பியது. இந்தியாவின் விண்வெளிக் கதை அங்கே ஆரம்பம். அப்துல் கலாம் வேலை பார்த்த இடம், சைக்கிளில் ராக்கெட் மூக்கைக் கொண்டுபோகும் அந்தப் புகைப்படம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

நான் சொல்ல வருவது வேறு. வானத்தைப் பார்ப்பதற்காகத் தன் கோயிலையும் குடிசை இருந்த மண்ணையும் விட்டுக் கொடுத்தவன் மீனவன். வானத்துக்கு மேலே கண் வைக்க அவன் இடம் கொடுத்தான்.

54 வருஷம் கழித்து என்ன நடந்தது?

களியக்காவிளையிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் தெற்கே போனால் கடல் வந்துவிடும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு ஊர். இந்தியாவிலேயே ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பெயர் போனவர்கள். கரைக்குப் பக்கத்தில் வலை போட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் இல்லை. கிளம்பினால் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். மகாராஷ்டிரா, குஜராத்துக்கு நேரே நடுக்கடலில் இருப்பார்கள்.

2017 நவம்பர் 29-ம் தேதி காலை இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் 30-ம் தேதி காலை அது குமரி முனைக்குத் தெற்கே புயல். பெயர் ஒக்கி. வங்காளதேசம் வைத்த பெயர். வங்காளியில் ‘கண்’ என்று அர்த்தம். முழுசாக ஒரு நாள்தான் அவகாசம். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்தது, ரப்பர் மரம் வரிசை வரிசையாக முறிந்து விழுந்தது, பல நாள் இருட்டு. நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோறு தின்றோம். அது பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், கடற்கரைச் செய்தி வரும் வரை.

‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று எச்சரிக்கை வந்தது. போகாதவர்களுக்கு வந்தது. பல நாள் முன்னாடியே போனவர்கள் செல்போன் கோபுரமும் வயர்லெஸ்ஸும் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கொல்லங்கோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர், யாரிடமும் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “போகாதேன்னு பறஞ்சாவ. போனவனுக்கு ஆரு பறஞ்சா?” பஸ்ஸில் யாரும் பதில் சொல்லவில்லை. கண்டக்டர்கூட டிக்கெட் கேட்காமல் பின்னால் போய்விட்டார்.

தமிழ்நாடு, கேரளா இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பவில்லை. பலருக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. தேடச் சொல்லி டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்துபோய் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ராத்திரி வரை ரயில் நகரவில்லை. புயலுக்குக் கண் என்று பெயர். அதைப் பார்க்க வானத்திலும் கண் இருந்தது. படகில் காது இல்லை.

* * *

அப்புறம் காது வைத்தார்கள். 2019 அக்டோபரில் ‘ஜெமினி’ என்று ஒரு கருவி வந்தது. இஸ்ரோ, விமான நிலைய ஆணையம், கடல் தகவல் மையம் எல்லாம் சேர்ந்து செய்தது. சாட்டிலைட்டிலிருந்து வரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் வழியாகப் படகில் இருக்கும் செல்போனுக்குக் கொடுக்கும். நடுக்கடலிலும் வேலை செய்யும். ஒரே ஒரு குறை: அது ஒருவழிப் பாதை. கேட்கலாம், பேச முடியாது. ‘புயல் வருது’ என்று மேலேயிருந்து சொல்லலாம். ‘என்ஜின் நின்னுபோச்சு’ என்று கீழேயிருந்து சொல்ல முடியாது. பிறகு இரண்டு பக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டர் வந்தது. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி மகாராஷ்டிராவில் தொடங்கி வைத்தார்கள்.

நல்ல காரியம். ஆனால் வரிசையைப் பாருங்கள். 1837-ல் மேட்டின்மேல் கூடம். 1855-ல் அகத்தியர் மலையில் ஊசி. 1963-ல் தும்பாவில் ராக்கெட். 2017 வரைக்கும் இந்தச் சின்ன முக்கோணத்துக்குள்ளேயே உட்கார்ந்து வானத்தை 180 வருஷம் அளந்திருக்கிறோம். அளந்ததில் தப்பே இல்லை. அளந்ததைத் தூத்தூர்க்காரனின் படகுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அறிவது பாதி வேலை. ஆகவேண்டியவனுக்கு, ஆகவேண்டிய நேரத்தில், அவன் பாஷையில் சொல்வது மீதிப் பாதி. பாட்டிக்கு இது தெரிந்திருந்தது.

நாமும் ஆபீஸில் இதே பாவத்தைச் செய்கிறவர்கள்தான். ‘சர்குலர் அனுப்பியாச்சு’ என்று பைலை மூடுகிறோம். அனுப்பியாச்சு, சரி. கிடைச்சாச்சா என்று யார் கேட்டார்கள்? இன்றைக்கு மேஜையில் இருக்கும் ஒரு பைலை எடுத்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எங்கோ ஒருவருடைய பென்ஷன், எங்கோ ஒருவருடைய பட்டா, உங்கள் ‘அனுப்பியாச்சு’க்கும் அவருடைய ‘கிடைச்சாச்சு’க்கும் நடுவில் கடலில் மிதந்துகொண்டிருக்கலாம்.

அடுத்த எடவப்பாதிக்கு நாகர்கோவில் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் ஒரு தகவல். டி.வி.யில் சென்னைக்காரர் மோர் குடிக்கச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் குடை எடுத்துக்கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டுக் குடையா, கேரளக் குடையா என்று மழை பார்ப்பதில்லை. கம்பி நேராக இருந்தால் சரி.